வெள்ளிக் கரண்டியில் ஒரு மெய்க்கீர்த்தி

சோழர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு மெய்க்கீர்த்தி புதிதன்று. அரசன் எந்தெந்த நாடுகளை வென்றான், எவருடைய முடியைக் கவர்ந்தான், எத்தனை யானைகளைக் கொண்டுவந்தான் என்று அடுக்கிக்கொண்டே போகும் அப்பகுதியில் அவன் தோற்ற போர் ஒன்றுகூட இராது. அதற்காக வரலாற்றாய்வாளர் எவரும் மெய்க்கீர்த்தியைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. சொன்னதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள். சொல்லாமல் விட்டதை வேறிடங்களில் தேடுகிறார்கள். கல்லிலும் செம்பிலும் இத்தகைய தற்புகழ்ச்சியைக் கண்டு பழகிய நாம், அதே வேலையைச் செய்யும் மிகச் சிறியதொரு பொருளை இக்கட்டுரையில் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இலட்சக்கணக்கில் வார்ப்பும் அச்சும் கண்ட வெள்ளி நினைவுக் கரண்டிதான் அது. கரண்டி என்றதும் நம் அடுப்படியின் குழம்புக் கரண்டியை எண்ணிவிட வேண்டாம். தேநீருக்கோ காப்பிக்கோ சர்க்கரை கலக்கும் சிறு கரண்டி. எடை பெரும்பாலும் 10 முதல் 30 கிராம் வரை. அதில் ஒரு மலையும் பாலமும் சுரங்கமும் இரயில் வண்டியும் அடங்கியிருக்கும்.

இவற்றைச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுள்ளும் சுரங்கத்தையும் இருப்புப்பாதையையும் சித்திரிக்கும் கரண்டிகளை மட்டும் தேடித் தேடிச் சேர்ப்போர் ஒரு தனிக் குலம். அவர்களுடைய ஆர்வத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது. வெள்ளியைத் தோண்டி எடுத்த கதையை அந்த வெள்ளியிலேயே எழுதி வைத்த பொருள்கள் இவை.

மோகம் பிறந்த கதை

ஐரோப்பாவின் சில நகரங்களில் நினைவுக் கரண்டி விற்கும் வழக்கம் முன்பே இருந்தது. அமெரிக்காவில் இது 1889இல் தொடங்கியதாகக் கொள்வது மரபு. அவ்வாண்டு வாஷிங்டன் நகரின் கால்ட் என்னும் நகை வணிக நிறுவனம் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் உருவம் தாங்கிய கரண்டியை வெளியிட்டது; அடுத்து அவர் மனைவி மார்த்தாவின் கரண்டி வந்தது. ஆனால் பொதுமக்களிடையே தீயைப் பற்ற வைத்தவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரின் டேனியல் லோ என்னும் வணிகர். (நம்முடைய சேலம் அன்று, 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டிப் பலரைத் தூக்கிலிட்ட சேலம்.) ஜெர்மனிப் பயணத்தில் நினைவுக் கரண்டிகளைக் கண்டு திரும்பிய அவர், துடைப்பத்தோடு நிற்கும் சூனியக்காரியின் உருவத்தைக் கரண்டிக் காம்பில் பொறித்து 1890-91இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். தன் ஊரின் அவமானத்தையே விற்பனைச் சரக்காக்கிய சாமர்த்தியம்! ஆயிரக்கணக்கில் விற்றது. பிற ஊர்கள் வாளாவிருக்குமா? ஒவ்வோர் ஊரும் தனக்கொரு கரண்டி வேண்டுமென்று கிளம்பியது. 1891ஆம் ஆண்டிலேயே நினைவுக் கரண்டிகளைத் தொகுத்து விவரிக்கும் நூல் அச்சேறிவிட்டது என்றால் மோகத்தின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

இம்மோகத்துக்கு மூன்று காரணங்கள் ஒன்றுகூடின. முதலாவது, இருப்புப்பாதை. 1869இல் கண்டத்தின் இரு கரைகளையும் தண்டவாளம் இணைத்த பின், நடுத்தர வகுப்பினரும் மேற்கத்திய மலைகளைக் காணப் புறப்பட்டார்கள். இரண்டாவது, வெள்ளியின் விலை. சுரங்கங்கள் வெள்ளியைக் கொட்டின. விலை ஆண்டுக்காண்டு சரிந்தது. சாமானியர் கைக்கும் வெள்ளிப்பொருள் எட்டியது. மூன்றாவது, அச்சுத் தொழில்நுட்பம். எஃகு அச்சு ஒன்றை வெட்டிவிட்டால் ஆயிரம் கரண்டிகளை ஒரே வடிவில் அடித்தெடுக்கலாம். ஆக, சுரங்கமும் இரயிலும் கரண்டியின் மேல் ஏறிய சித்திரங்கள் மாத்திரமல்ல. அக்கரண்டியைப் பிறப்பித்த தாயும் தந்தையும் அவையே.

காம்பும் குழியும்

கரண்டியைப் படிக்க வேண்டுமானால் அதன் உறுப்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். காம்பு ஒன்று, குழி ஒன்று. பெரும்பாலான கரண்டிகளில் இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டவை. காம்பின் வடிவத்தை மாசசூசெட்ஸ், ரோட் தீவு முதலிய கிழக்கு மாநிலங்களின் பெரிய தொழிற்சாலைகள் அச்சில் அடித்து அனுப்பும். குழி வெறுமையாக வரும். கொலராடோவிலோ மொன்டானாவிலோ உள்ள நகைக்கடைக்காரர், தம் ஊர்க் காட்சியை அக்குழியில் கையால் செதுக்கி விற்பார். சிலவற்றில் குழிக் காட்சியும் அச்சிலேயே அடிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அமிலத்தால் அரித்து வரையப்பட்டிருக்கும். கையால் செதுக்கியது ஒன்றைப்போல் மற்றொன்று இராது. தேர்ந்த சேகரிப்பாளர் நாடுவது அதைத்தான். குழிக்குப் பொன்முலாம் பூசுவதும் உண்டு.

மாநிலக் காம்புகள் என்றொரு வகை இருக்கிறது. அந்தந்த மாநிலத்தின் முத்திரையைத் தலையில் தாங்கியவை. இம்முத்திரைகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கொலராடோவின் முத்திரையில் பிக்காசும் சம்மட்டியும் குறுக்காகக் கிடக்கின்றன. மொன்டானாவின் முத்திரையில் கலப்பையோடு பிக்காசும் மண்வாரியும். கீழே ‘பொன்னும் வெள்ளியும்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொற்கள். நெவாடாவின் முத்திரையில் தாது அரைக்கும் ஆலை, சுரங்க வாயில், பாலத்தின்மீது செல்லும் இரயில் வண்டி ஆகிய மூன்றும் ஒருங்கே உள்ளன. நம் மூவேந்தர் புலி, மீன், வில் என்று தேர்ந்துகொண்டதைப்போல் இம்மாநிலங்கள் சுரங்கக் கருவிகளைத் தேர்ந்துகொண்டன.

மாநில முத்திரையோடு நில்லாமல் சுரங்கத் தொழிலாளியையே காம்பாக்கியவையும் பல. தொப்பி அணிந்து பிக்காசு ஏந்தி நிற்பான்; அவன் காலடியில் கயிறு, வாளி, பொன் அரிக்கும் தட்டு. மண்வாரியின் வடிவிலேயே குழி அமைந்த கரண்டிகளும் உண்டு. சுமைக் கழுதை தலையில் நிற்கும் கரண்டிகளைச் சேகரிப்பாளர் மிக விரும்புவர். கழுதையின் கனைப்பைக் கேலி செய்து ‘ராக்கி மலைக் குயில்’ என்ற பொருளில் சுரங்கத்தார் அதற்கொரு பட்டப்பெயர் இட்டிருந்தார்கள். அப்பெயரும் கரண்டியில் ஏறியது.

பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம். பிரிட்டனில் உள்ளதுபோல் அரசின் சோதனைக் கூடம் முத்திரையிடும் முறை அமெரிக்காவில் இல்லை. 1000 பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதைக் குறிக்கும் ‘ஸ்டெர்லிங்’ என்ற சொல்லும், செய்த நிறுவனத்தின் அடையாளமுமே அங்கு சான்று. சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து ஆகிய மூன்றும் வரிசையாக இருந்தால் அது ரோட் தீவின் கோர்ஹம் நிறுவனத்தது. காப்புரிமை ஆண்டு பொறித்திருந்தால் அதைக் கரண்டி பிறந்த ஆண்டாகக் கொண்டுவிடக் கூடாது. அவ்வடிவம் அதற்கு முந்தியது அன்று என்பதை மட்டுமே அது சொல்லும். அதே அச்சில் பல்லாண்டுகள் அடித்திருப்பார்கள். நாம் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்வதைப்போல் வாங்கியவர் தம் பெயரின் முதலெழுத்தையும் நாளையும் வெட்டியிருந்தால், அதுவே உறுதியான காலச் சான்று.

வளைந்து ஏறிய பாதை

இருப்புப்பாதைக் கரண்டிகளுள் ஜார்ஜ்டவுன் சுழல் பாலத்தைச் சித்திரிப்பவை புகழ்பெற்றவை. கொலராடோவின் ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம் ஆகிய இரண்டும் வெள்ளிச் சுரங்க ஊர்கள். இடைத்தொலைவு இரண்டு மைல். உயர வேறுபாடோ 600 அடிக்கு மேல். நேராகப் பாதை போட்டால் இரயிலால் ஏற முடியாத செங்குத்து. எனவே பொறியாளர்கள் பாதையை மலைப்பாம்பைப்போல் வளைத்துச் சுற்றி, தன்னைத் தானே மேலே கடந்து செல்லுமாறு ஓர் உயர்ந்த பாலத்தைக் கட்டி, 1884இல் முடித்தார்கள். வெள்ளித் தாதுவைக் கீழே கொண்டுவருவதற்காகப் போட்ட பாதை அது. வெள்ளி வீழ்ந்த பின் சுற்றுலாப் பயணிகள் அதற்குச் சோறிட்டார்கள். மோட்டார் வண்டிகள் வந்தபின் அவர்களும் போய்விட, 1939இல் பாலத்தைப் பிரித்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். மறுபடி கட்டி முடித்தது 1984இல். இடைப்பட்ட 45 ஆண்டுகள் அப்பாலம் புகைப்படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் சில கரண்டிக் குழிகளிலும்தான் நின்றது. டன் கணக்கான இரும்பு போய்விட்டது; அரை அவுன்ஸ் வெள்ளி நிலைத்தது.

பைக்ஸ் மலையுச்சிக்கு ஏறும் பற்சக்கர இரயில் மற்றொரு விருப்பமான காட்சி. 1891இல் முதற்பயணிகளை உச்சிக்கு ஏற்றிய இந்த இரயில், கரண்டி மோகத்தோடு ஒன்றாகப் பிறந்த இரட்டைப் பிள்ளை. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும் இம்முறையை வகுத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத் தொடங்கிய நம் நீலகிரி இரயிலும் அவர் முறையில் அமைந்ததே. உதகைக்குச் சென்றவர்கள் பைக்ஸ் மலைக் கரண்டியைக் கண்டால் அந்நியமாக உணரமாட்டார்கள்.

வடக்கே அலாஸ்கா, யூக்கான் பகுதிகளின் கதை சற்றுப் பிந்தியது. 1896இல் கிளாண்டைக்கில் பொன் கிடைத்த செய்தி 1897இல் சியாட்டில் துறைமுகத்தை எட்டியதும் மக்கள் வெள்ளம் வடக்கே பாய்ந்தது. ஸ்காக்வேயிலிருந்து வொயிட்ஹார்ஸ் வரை 1898இல் தொடங்கி 1900இல் முடிந்தது ஒரு குறுகிய இருப்புப்பாதை. பாதை முடிவதற்குள் பொன்வேட்டையின் உச்சம் கடந்துவிட்டது. ஆயினும் கரண்டிகள் வந்துகொண்டிருந்தன. சியாட்டிலின் ஜோசஃப் மேயர் நிறுவனம் இவ்வகையில் பேர்பெற்றது. வடக்கத்திய கரண்டிகள் சிலவற்றின் காம்பில் உண்மையான பொன் கட்டி ஒன்றையே பதித்திருப்பார்கள்.

1893ஆம் ஆண்டின் கோடை

இனி நாம் காணப்போவது இக்கதையின் மையம். வியப்பு என்னவெனில், அதன் நூல் இந்தியாவில் முடிச்சிடப்பட்டிருக்கிறது.

நெவாடாவின் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் 1859இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் பெருஞ்செல்வரான ஜான் மக்கே என்பவர், தம் சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ அரை டன் வெள்ளியை நியூயார்க்கின் டிஃபனி நிறுவனத்துக்கு அனுப்பி, 1,200க்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட விருந்துப் பாத்திரத் தொகுதியைச் செய்வித்தார். 1878இல் பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. காம்ஸ்டாக் தளர்ந்ததும் கொலராடோவின் லெட்வில், ஆஸ்பன் முதலிய ஊர்கள் எழுந்தன. இவ்வளவு வெள்ளியை வாங்குவது யார்? 1890இல் நிறைவேறிய ஷெர்மன் சட்டத்தின்படி அமெரிக்க அரசு மாதந்தோறும் 45 இலட்சம் அவுன்ஸ் வெள்ளியை வாங்கியது. கடலுக்கு அப்பால் மற்றொரு பெரிய வாய் இருந்தது. இந்தியா வெள்ளி நாணய நாடு. எவர் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் பம்பாய், கல்கத்தா அக்கசாலைகளில் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம்.

வெள்ளி விலை சரியச் சரிய ரூபாயின் மதிப்பும் சரிந்தது. இலண்டனுக்குப் பவுனில் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பெருந்தொகை இந்திய அரசின் கழுத்தை இறுக்கியது. முடிவில் 1893 ஜூன் 26 அன்று அக்கசாலைகளின் கதவு தனியாரின் வெள்ளிக்கு மூடப்பட்டது. செய்தி தந்தியில் பறந்தது. அவுன்ஸுக்கு 80 சென்ட்டுக்கு மேல் விற்ற வெள்ளி சில நாட்களில் அறுபத்துச் சொச்சத்துக்கு விழுந்தது. கொலராடோவின் சுரங்கங்களும் உருக்காலைகளும் அடுத்தடுத்து மூடின. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து டென்வருக்குத் திரண்டனர். ஜூலையில் அந்நகரின் வங்கிகள் பல முறிந்தன. நவம்பரில் ஷெர்மன் சட்டத்தையும் நாடாளுமன்றம் நீக்கியது. லெட்வில்லில் கோடீசுவரராகி டென்வரில் நாடக மாளிகை எழுப்பிய ஹொரேஸ் டேபர் அவ்வீழ்ச்சியில் அனைத்தையும் இழந்தார்.

அதே கோடையில், மே முதல் அக்டோபர் வரை, சிகாகோவில் கொலம்பஸ் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை கூடியதும் அதையொட்டித்தான். நினைவுக் கரண்டி வணிகத்துக்கு அது பெருவிழா. எண்ணற்ற வடிவங்கள் அங்கே விற்றன. மொன்டானா மாநிலம் நீதிதேவதையின் உருவத்தை வெள்ளியிலேயே வார்த்து வைத்தது. ஆஸ்பன் பகுதியிலிருந்து ‘வெள்ளி அரசி’ என்னும் சிலை வந்தது. பார்வையாளர்கள் அவற்றைச் சுற்றிவந்து வியந்தபோது, அவ்வுலோகத்தை அனுப்பிய ஊர்களில் கொல்லுலைகள் அணைந்துகொண்டிருந்தன. அவ்வாண்டுக் கரண்டிகளில் இதன் சுவடு ஏதேனும் உண்டா? இல்லை. குழியில் சுரங்க வாயில் எப்போதும்போல் திறந்தேயிருக்கிறது; புகைபோக்கியில் புகை எழுந்துகொண்டேயிருக்கிறது.

மெய்க்கீர்த்தி விட்டுவிட்டவை

கரண்டி மறைத்தது இதை மட்டுமன்று. 1869 மே 10 அன்று யூட்டாவின் பிராமன்ட்ரியில் இருப்புப்பாதைகள் கைகோத்தபோது பொன் ஆணியோடு நெவாடாவின் வெள்ளி ஆணியும் வந்தது. சடங்கு முடிந்ததும் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு சாதாரண இரும்பு ஆணியை அறைந்தார்கள். மேற்கிலிருந்து சியரா மலையைக் குடைந்து அப்பாதையைக் கொண்டுவந்த உழைப்பாளிகளுள் மிகப் பெரும்பாலோர் சீனர், பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவ்விழாவின் புகழ்பெற்ற புகைப்படத்தில் அவர்களைக் காண்பது அரிது. 1882இல் சீனத் தொழிலாளர் வருகையையே சட்டம் தடுத்தது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில், இரயில் நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த சீனர் 28 பேராவது கொல்லப்பட்டனர். கரண்டிக் காம்பில் நிற்கும் தாடிக்காரச் சுரங்கத் தொழிலாளி எப்போதும் வெள்ளையன்.

பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் வட்டாரக் கரண்டிகளில் நிலக்கரி உடைக்கும் ஆலையின் உயர்ந்த கட்டடத்தைக் காணலாம். சரிவுக் கூரையும் சாளரங்களும் நுட்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும். அச்சாளரங்களுக்குப் பின்னால், ஓடும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கும் சிறுவர்கள் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். 1911இல் லூயிஸ் ஹைன் எடுத்த புகைப்படங்கள் அவர்களுடைய கரிபடிந்த முகங்களை உலகுக்குக் காட்டின. கரண்டி கட்டடத்தைக் காட்டியது. புகைப்படம் உள்ளே புகுந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரே அவ்வாலையை முழுமையாகப் பார்த்தவர்.

கிரிப்பிள் கிரீக் பொன் வயலின் கரண்டிகளும் அப்படியே. அங்கே 1894இல் எட்டு மணி நேரத்துக்கு மூன்று டாலர் கூலி கேட்டுத் தொழிலாளர் போராடி வென்றதும், பத்தாண்டுகளுக்குப் பின் மற்றொரு போராட்டத்தில் ஒடுக்கப்பட்டதும் கொலராடோ வரலாற்றின் பெரிய அத்தியாயங்கள். கரண்டி அவற்றை அறியாது. ஊருக்கு வந்த விருந்தாளி எதை நினைவில் கொண்டுபோக வேண்டுமென்று ஊர் விரும்பியதோ, அதை மட்டுமே அது சொல்கிறது. அந்த விருப்பமும் ஒரு வரலாற்றுச் செய்திதான் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

உருக்குலை என்னும் கூற்றுவன்

வெள்ளிப் பொருளுக்கு ஒரு சாபம் உண்டு. அதன் உலோக மதிப்பே அதற்குக் கூற்றுவன். மொன்டானாவின் நீதிதேவதை பின்னர் உருக்கப்பட்டாள். ஆஸ்பனின் வெள்ளி அரசி எங்கே போனாள் என்பதே தெரியவில்லை. 1918இல் இயற்றிய பிட்மன் சட்டத்தின்படி, 25 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்க வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியில் ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் இந்தியாவுக்கு வந்தது. முதல் உலகப் போரின் நெருக்கடியில் காகிதப் பணத்தை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்ட மக்களுக்குக் கொடுப்பதற்காக பிரிட்டிஷ் அரசு அதை வாங்கியது. 1893இல் கதவை அடைத்த நாடே கால் நூற்றாண்டில் கை நீட்டியது. நம் பாட்டிமார் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த அக்கால ரூபாய்களில் கொலராடோ, நெவாடா மலைகளின் வெள்ளியும் கலந்திருந்திருக்கும். அவற்றில் எத்தனை கொலுசாகவும் குங்குமச் சிமிழாகவும் மாறினவோ!

கரண்டிகளுக்குப் பேரிடர் வந்தது 1980 ஜனவரியில். ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. அமெரிக்க வீடுகளின் வெள்ளிப் பாத்திரங்கள் சாரிசாரியாக உருக்குலைக்குச் சென்றன. எடை போட்டவர்களுக்கு ஜார்ஜ்டவுன் பாலமும் ஒன்று, பூவேலைக் காம்பும் ஒன்று. சில வாரங்களில் விலை சரிந்தது; உருகியவை உருகியவையே. அச்சில் அடித்த கரண்டிக்கு மறுபிரதிகள் எஞ்சியிருக்கலாம். ஊர்ப்புறத்து நகைக்கடைக்காரர் கையால் செதுக்கிய குழி ஒன்று உருகினால், அவ்வூரின் அன்றைய தோற்றத்துக்கான ஒரே சாட்சி அதோடு போயிருக்கக்கூடும். நம்மூரிலும் பழைய வெள்ளியைப் போட்டுப் புதிய வெள்ளி வாங்கும்போது, பெயர் வெட்டிய பாலாடைகளும் ஊர்ப்பெயர் தாங்கிய தட்டுகளும் இப்படித்தான் மறைகின்றன.

ஆகவே இத்தகைய கரண்டி ஒன்று கைக்கு வந்தால் செய்ய வேண்டியவை சில. பளபளப்புக்காக அழுத்தித் தேய்க்க வேண்டாம். செதுக்கலின் நுண்கோடுகள் முதலில் அழிவது அப்போதுதான். காம்பையும் குழியையும் தனித்தனியே படித்து, பின்புற அடையாளங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். குழியிலுள்ள ஊரின் பெயரைக் கொண்டு, அவ்வாண்டில் அங்கு சுரங்கம் ஓடியதா, மூடியதா, கூலி என்ன, யார் உழைத்தார்கள் என்று செய்தித்தாள்களிலும் அரசு ஆவணங்களிலும் தேட வேண்டும். கண்டதைக் கரண்டியோடு ஒரு சிறு தாளில் எழுதி வைத்தால், அடுத்து அதை எடுப்பவர் எடைக்கல்லைத் தேடமாட்டார். அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தாமும் ஒரு வரி சேர்ப்பார்.